இலவசமாக வரும் பழைய படகு: எடுப்பதற்கு முன் மழைத்தண்ணீர் போன வழியைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: 27 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒன்று ஒன்பது வருடமாகக் கரையில் தாங்கிகளின் மேல் நிற்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார். குடும்பத்தினர் காசு எதுவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். கேட்டவருக்குத் தச்சு வேலை ஓரளவு தெரியும், படகு வேலை தெரியாது. எடுக்கலாமா? எடுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். படகு விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு முழு நாள் ஒதுக்கி. இப்படிக் கிடந்த படகுகளில் இரண்டை நான் சரிசெய்து தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். மூன்றாவதை ஒன்றரை வருட உழைப்புக்குப் பிறகு பாதியில் கைவிட வேண்டி வந்தது. அந்த மூன்றும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே விஷயத்தைத்தான்: நின்றுபோன படகைக் கெடுப்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர். உப்புத் தண்ணீர் மரத்தை ஓரளவு பாதுகாக்கும். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்குத் தேவை நல்ல தண்ணீரும் காற்றோட்டம் இல்லாத இடமும். மூடிக்கிடக்கும் படகின் உட்புறத்தில் இரண்டுமே உண்டு. அதனால் மழைத்தண்ணீர் எங்கே நுழைந்தது, எங்கே தேங்கியது, எத்தனை நாள் நின்றது என்று தேடிப் பாருங்கள். எடுக்கலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் காகிதம். கேட்பாரற்று நிற்கிறது என்பதால் படகு யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. பதிவு யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா, நிறுத்திய இடத்துக்கு வாடகை பாக்கி இருக்கிறதா, கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். படகின் மேல் உள்ள பாக்கி, படகோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடக்கூடும். படகின் உடலில் அடையாள எண் இருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகு என்றால், பின்புறச் சுவரின் வலது மேல்பக்கத்தில் 12 எழுத்துகளும் எண்களுமாக அதைப் பார்க்கலாம். பத்திரத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இல்லாவிட்டால், அது தீரும் வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். வருடக்கணக்கில் உழைத்த பிறகு வேறொருவர் வந்து உரிமை கேட்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

சரி, இனி படகுக்குள் போவோம். உள்ளே இறங்கியதும் டார்ச் அடித்து சுவர்ப் பலகைகளின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அழுக்குக் கோடு ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் ஓடுகிறதா? ஓடினால் அந்த உயரம் வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. இது எப்படி நடக்கிறதென்றால், ஓட்டுபவர் உட்காரும் குழியில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். நாலு சருகு போதும், அடைத்துக்கொள்ளும். குழி நிரம்பி, கதவின் கீழ்ச்சட்டத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒன்பது வருடத்தில் யாராவது துளையைச் சுத்தம் செய்தார்களா என்பதில்தான் படகின் கதி இருக்கிறது. அந்தக் கோடு எஞ்சினைவிட மேலே இருந்தால் எஞ்சின் முழுகியிருக்கிறது, அதை இல்லாததாகவே கணக்கு வையுங்கள். பேட்டரி, வயர், மின்பலகை எல்லாமும் அப்படியே.

அடுத்தது மேல்தளம். அதிக நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஃபைபர் படகு என்றால் முழுக்க ஃபைபர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடல்பகுதி பெரும்பாலும் கெட்டியான ஃபைபராக இருக்கும், குறிப்பாகப் பழைய படகுகளில். ஆனால் மேல்தளம் அப்படியில்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பல்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ. எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்க இப்படிச் செய்கிறார்கள். முழுசாக இருக்கும் வரை இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொக்கி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்று ஐம்பது அறுபது போல்ட் துளைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் வைத்த பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து வெடிக்கும். அந்த வழியாக நடுமரத்துக்குள் தண்ணீர் போகும். மேலேயும் கீழேயும் ஃபைபர் மூடியிருப்பதால் போன தண்ணீர் வெளியே வராது. மரம் உள்ளுக்குள்ளேயே கூழாகும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிளாஸ்டிக் தலை கொண்ட சின்னச் சுத்தியலும் ஒரு சாக்பீஸும் போதும். தளம் முழுக்கச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும். உளுத்த இடத்தில் 'தொப் தொப்' என்று செத்துப்போன சத்தம் வரும். மாறும் இடத்தில் கோடு போடுங்கள். தேங்காய் முற்றியதா என்று தட்டிப் பார்க்கும் காதே இதற்குப் போதும், அரை மணி நேரத்தில் பழகிவிடும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். காலுக்குக் கீழே தளம் அமுங்கினாலோ, மிதித்ததும் ஏதாவது போல்ட் அடியில் தண்ணீர் கசிந்தாலோ அங்கே நடுமரம் போய்விட்டது. ஈரம் அளக்கும் மீட்டர் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மறைவில் உலோகம் இருந்தாலும் மேல்பரப்பு ஈரமாக இருந்தாலும் அது தப்பாகக் காட்டும்.

சாக்பீஸ் கோடுகளை எட்ட நின்று பார்த்தால் முடிவு கண்ணுக்கே தெரியும். நாலைந்து இடங்களில் தட்டு அளவுக்கு உளுத்திருந்தால் அது செய்யக்கூடிய வேலை. தளத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால், அந்த வேலை மட்டுமே வார இறுதிகளில் செய்பவருக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிடும். நான் கைவிட்ட படகில் பாதிக்கு மேல்தான் போயிருந்தது. அது எனக்குத் தெரிந்தது மூன்றாம் மாதத்தில். முதல் நாளே தட்டிப் பார்த்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன்.

தளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது செயின்பிளேட்டுகள். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிவடங்கள் வந்து மாட்டும் தடித்த எஃகுப் பட்டைகள் இவை. தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக் குறுக்குச்சுவரில் போல்ட் போட்டு நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பி விட்டுவிடுவோம். ஆனால் அந்த உலோகத்தைக் காப்பாற்றும் மெல்லிய படலத்துக்குக் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் தேவை. ஈரமான, காற்றுப் புகாத இடுக்கில் அந்தப் படலம் அழிந்து, உலோகம் உள்ளுக்குள் அரிக்கப்படும். மேலே பளபளப்பாகவும், தளத்துக்குள் மறைந்திருக்கும் விரல் அகலப் பகுதியில் பாதி அரித்தும் இருக்கும் பட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அது அறுந்தால் பாய்மரமே விழும். அதே துளை வழியாக இறங்கிய தண்ணீர் குறுக்குச்சுவரின் பிளைவுட்டையும் உளுக்க வைக்கும். ஒரு ஊசியாலோ மெல்லிய ஸ்க்ரூடிரைவராலோ அந்தப் பலகையைக் குத்திப் பாருங்கள். கேக்கில் இறங்குவதுபோல் இறங்கினால் பலகை போய்விட்டது.

கீழே வந்தால் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது கொப்புளங்கள். தண்ணீருக்கு அடியில் இருந்த பகுதியில் காசு அளவு கொப்புளங்கள் இருக்கும், குத்தினால் வினிகர் வாசனையோடு திரவம் பீய்ச்சும் (கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள்). வெளிப்பூச்சான ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெல்ல ஊடுருவி, ஃபைபர் இழைகளைப் பிடித்திருக்கும் ரெசினில் மிச்சமிருக்கும் வேதிப்பொருள்களோடு கலந்து உண்டாகும் அமிலக் கரைசல் அது. பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் இதனால் மட்டும் மூழ்கும் படகு மிக அபூர்வம். ஒன்பது வருடம் கரையில் காய்ந்தது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு லாபம். திறந்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) நிரப்பினால் தீரும். ஆகவே கொப்புளத்தைக் காரணம் காட்டி மட்டும் நல்ல படகை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கீல் அப்படியல்ல. படகு கவிழாமல் இருக்க அடியில் இருக்கும் ஈய அல்லது இரும்பு எடைதான் கீல். சில படகுகளில் அது ஃபைபருக்குள்ளேயே அடைத்திருக்கும், சிலவற்றில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். போல்ட் போட்டதென்றால், கீலும் உடலும் சேரும் கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். விரிசலும் அதிலிருந்து வழியும் துருக்கறையும் சேர்ந்திருந்தால், படகுகளைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதற்கு முன் முடிவெடுக்க வேண்டாம். நிறுத்தியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். எடையைக் கீல்தான் தாங்க வேண்டும், பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டும்தான். தாங்கி அழுத்தும் இடத்தில் உடல் உள்வாங்கியிருந்தால் உட்புறம் அந்த இடத்தில் ஏதாவது பிய்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

சுக்கானின் அடியோரத்தில் குடும்பத்தினரிடம் அனுமதி கேட்டு ஒரு சின்னத் துளை போடுங்கள். பழுப்புத் தண்ணீர் சொட்டினால் உள்ளே இருக்கும் நுரையும் எஃகுச் சட்டமும் ஊறியிருக்கின்றன. சுக்கானைப் பிளந்து சரிசெய்வது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான், மலைக்க வேண்டாம்.

எஞ்சின். முழுகாத டீசல் எஞ்சின் ஒன்பது வருடம் ஓடாமல் நின்றதால் மட்டும் செத்துவிடாது. ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பிறகு கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுற்றினால் நம்பிக்கை உண்டு. புகைபோக்கும் குழாயின் வளைவு கரி அடைத்தும் அரித்தும் இருக்கும், தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும், டீசல் டேங்கின் அடியில் தண்ணீரும் அதில் வளர்ந்த கருப்புச் சேறும் இருக்கும். இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. பெட்ரோல் எஞ்சின் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். பழைய பெட்ரோலை எடுத்து, காற்றோட்டம் கொடுக்கும் வரை எந்த மின்சுவிட்சையும் போடாதீர்கள்.

மரப்படகோ இரும்புப் படகோ எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரையில் காய்ந்த மரப்படகின் பலகை இடுக்குகள் அகன்றிருப்பதைப் பார்த்து அவற்றை இறுக்கி அடைத்துவிடாதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகைகள் ஊதி, இறுக்கிய அடைப்பு வங்குகளையே (பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டங்களை) உடைத்துவிடும். இரும்புப் படகு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும், அதனால் புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள்.

பணக் கணக்கை எல்லோரும் தலைகீழாகப் போடுகிறார்கள். உடல் இலவசமாகக் கிடைத்தால் பாதிச் செலவு மிச்சம் என்று தோன்றும். உண்மையில் ஒரு பாய்மரப் படகில் வெறும் உடல்தான் மலிவான பகுதி. பாய்கள், பாய்மரம், கம்பிவடங்கள், எஞ்சின், வின்ச்சுகள், இவைதான் பணம். ஆகவே ஓட்டை உடலும் நல்ல பாய்களும் கொண்ட படகைவிட, நல்ல உடலும் கிழிந்த பாய்களும் கொண்ட படகு மேல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் மாற்ற வேண்டியதையெல்லாம் எழுதி, புது விலை போட்டு, படகை நகர்த்தும் கிரேன், லாரி, நிறுத்துமிட வாடகை எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். அதே அளவில், ஓடும் நிலையில் உள்ள பழைய படகு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஓடும் படகுதான் மலிவாக இருக்கும். அது தெரிந்தும், இந்த வேலையின் மேல் உள்ள ஆசையால் எடுப்பதாக இருந்தால் தாராளமாக எடுங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன், வருத்தமில்லை. ஆனால் காசு மிச்சம் பிடிக்க எடுப்பவர்தான் நடுவில் மனம் உடைந்து போகிறார். இன்னொன்று: பாதியில் விட்டால் தூக்கி எறிவதும் சுலபமில்லை. ஃபைபர் மக்காது, உருக்கவும் முடியாது, அப்புறப்படுத்தவே காசு கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பம் இலவசமாகத் தர முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மீட்பு என்ற சொல்லின் முழு அளவைப் பார்க்க வேண்டுமென்றால் டாலி ஹோ என்ற மரப் பாய்ப்படகின் கதையைத் தேடிப் பாருங்கள். 1927-இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்ப்படகுப் பந்தயத்தில் வென்ற படகு, பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் சிதைந்து கிடந்தது. லியோ சாம்ப்சன் கூல்டன் என்ற படகுத் தச்சர் அதை 2017-இல் பெயரளவுக்கு ஒரு தொகை கொடுத்து வாங்கினார். மீண்டும் தண்ணீரில் இறங்கியது 2024-இல். ஏழு வருடம், தொழில் தெரிந்தவர், கூடவே பல உதவிக் கைகள். அடிமரம், வங்குகள், பலகைகள் என்று ஏறக்குறைய எல்லாமே புதிதாகப் போட வேண்டியிருந்தது. உங்கள் படகு அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மனதில் போட்டிருக்கும் காலக்கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, படகுக்கு மேல் சாய்வான கூரை. காற்றோட்டம் இருக்கும்படி தார்ப்பாயால் போட்டாலே போதும். மழைத்தண்ணீர் உள்ளே வருவது நின்றால்தான் எந்த வேலையும் ஆரம்பமாகும். அப்புறம் உள்ளே இருப்பதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். ஆர்வத்தில் முதல் மாதமே எல்லாவற்றையும் கழற்றியவர்களின் படகுகள்தான் எங்கும் பாதியில் நிற்கின்றன. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

தளத்தின் உளுத்த இடங்களுக்கு, மேல்தோலை மட்டும் ஆழம் குறைத்து வைத்த ரம்பத்தால் வெட்டி முழுசாகத் தூக்கி வையுங்கள், அது திரும்ப வேண்டும். உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, சுற்றிலும் காய்ந்த மரம் வரும் வரை போய், நன்றாகக் காயவிட்டு, புதுப் பல்சாவையோ பிளைவுட்டையோ கூழ்போல் கெட்டியாக்கிய எபாக்ஸியில் பதியுங்கள். மேல்தோலைத் திரும்ப வைத்துப் பாரம் ஏற்றுங்கள். வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து ஃபைபர் துணி ஒட்ட வேண்டும். தடிமனைப்போல் 12 மடங்கு நீளச் சரிவு என்பது நல்ல கணக்கு, 5 மில்லிமீட்டர் தோலுக்கு 60 மில்லிமீட்டர். பழைய ஃபைபரின் மேல் பாலியெஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். விலை கூடத்தான், இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேய்ப்பதற்கு முன்பே பழைய ஃபைபரின் மேல் உள்ள மெழுகைக் கரைப்பானால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கும்போது மெழுகு உள்ளே ஏறிவிடும்.

போல்ட் துளைகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. துளையைப் பெரிதாக்கி, முழுக்கக் கெட்டி எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் துளை போடுங்கள். இனி பசை வெடித்தாலும் தண்ணீர் நடுமரத்தைத் தொடாது. அந்தப் பசைக்கு சிலிக்கோன் மட்டும் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, எதுவும் ஒட்டாது. பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடா போதுமானது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் தூசிக்கு நல்ல வடிகட்டி முகமூடி, எபாக்ஸிக்குக் கையுறை. எபாக்ஸி ஒருமுறை ஒவ்வாமை ஆகிவிட்டால் ஆயுளுக்கும் போகாது. அடிப்பகுதியின் பழைய பாசித்தடுப்புப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. கடலுயிர்களைக் கொல்லும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட்டுகளுக்கு 2008-இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் தடை போட்டது, ஆனால் பழைய படகின் கீழ் அடுக்குகளில் அது இன்னும் இருக்கலாம். ஈரமாகச் சுரண்டி, விழுவதைத் துணியில் பிடித்துத் தனியாக அப்புறப்படுத்துங்கள்.

வயர்கள் பழையன எல்லாவற்றையும் மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட்டு, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உள்ள குழாய் வால்வுகளைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை வால்வு நாள்பட்டால் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்பாகி, கையால் முறிக்கும் அளவுக்குப் பலமிழக்கும். வெண்கலத்தில் புதிதாகப் போடுங்கள். 4 சென்டிமீட்டர் குழாய் ஒன்று தண்ணீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே உடைந்தால் நிமிடத்துக்கு நூற்றைம்பது லிட்டருக்கும் மேல் உள்ளே வரும். எந்தக் கையடி பம்ப்பாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

இறக்கும் நாளில் கிரேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, படகு மிதந்த பிறகும் தூக்கும் பட்டைகளை அரை மணி நேரம் கழற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். தரைப்பலகைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வால்வையும், எஞ்சினின் சுழல்தண்டு வெளியேறும் இடத்தையும், கீல் போல்ட்டுகளையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். அன்று இரவு படகிலேயே தங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, அடிவயிற்றில் டார்ச் அடித்து, மாலையில் பென்சிலால் போட்ட கோட்டுக்குத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.